தூக்கிச் செல்லும் தட்டச்சு: பழனிமலைப் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன், மலைமேல் போக வேண்டிய எந்தப் பொருளுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும்? 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் காட் ரோடு என்ற அந்த மோட்டார் சாலை திறக்கும் வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத் தோப்பு வரை வந்து, அங்கிருந்து டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோ ஏற வேண்டும். சாமான்கள் ஆட்களின் தலையில் ஏறின. அலுவலகத் தட்டச்சு இயந்திரம் ஒன்று சுமார் 15 கிலோ இருக்கும். 1912-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொரோனா 3 என்ற மடக்கு ரகம் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிட்டது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில் கோடையைக் கழித்துக்கொண்டே அறிக்கையும் கடிதமும் அனுப்ப வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் ஆடம்பரம் அல்ல, கூலிக் கணக்கு.

இன்று அதே சிறிய இயந்திரங்களைத் தேடி வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, மேசைமேல் வைப்பவர்களுக்கு அப்படி எந்தத் தேவையும் கிடையாது. கார் போகும், மடிக்கணினி இருக்கிறது. அப்படியிருந்தும் உலகம் முழுக்க இந்தப் பித்து பரவியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆங்காங்கே தெரிகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவை, அவற்றில் எவை நம் ஊருக்குப் பொருந்துகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தூக்கிச் செல்லும் ரகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1893-இல் பிளிக்கன்ஸ்டர்ஃபர், 1912-இல் கொரோனா, 1920-இல் நான்கு வரிசை விசைகளோடு ரெமிங்டன் போர்ட்டபிள், 1935-இல் சுவிட்சர்லாந்தின் ஹெர்மெஸ் பேபி, 1950-இல் இத்தாலியின் ஒலிவெட்டி லெட்டரா 22. கடைசியாகச் சொன்னதை வடிவமைத்த மார்செல்லோ நிட்சோலிக்கு 1954-இல் கொம்பாஸ்ஸோ டோரோ விருது கிடைத்தது. 1969-இல் எத்தோரே சொத்சாஸ், பெர்ரி கிங் இருவரும் உருவாக்கிய சிவப்பு வாலன்டைன் அழகுக்காகவே பேர் வாங்கியது. தட்டிப் பார்த்தவர்கள் அதை அவ்வளவு மெச்சுவதில்லை. சேகரிப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே உள்ள பிளவு இந்த ஒரு மாடலிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பிளவுக்கு இன்னும் நல்ல சாட்சி அமெரிக்க நாவலாசிரியர் கோர்மாக் மெக்கார்த்தி. 1963-இல் அடகுக்கடை ஒன்றில் 50 டாலர் கொடுத்து வாங்கிய லெட்டரா 32-இல் சுமார் ஐம்பது ஆண்டு எழுதினார். 2009 டிசம்பரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 2,54,500 டாலருக்குப் போனது. பணம் அவருக்கு அல்ல, ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு. அவர் செய்தது, நண்பர் 20 டாலருக்கும் குறைவாக வாங்கித் தந்த அதே வகை இயந்திரத்தில் தொடர்ந்து தட்டியது. ஏலம் எடுத்தவர் கொண்டுபோனது அந்த மனிதரின் பெயரை. இயந்திரத்தின் மதிப்பு அந்த இருபது டாலரில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

சொல்லப்படும் காரணங்களில் முதலாவது கவனம். இணையம் இல்லை, அறிவிப்பு மணி இல்லை, அழிக்கும் பொத்தான் இல்லை. எழுதினால் எழுத்து மட்டும்தான் நடக்கும். உண்மைதான், ஆனால் அரை உண்மை. கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாலும் இதே பலன் கிடைக்கும். தமிழ் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள். கையெழுத்துப் பிரதியை அச்சுக்கோப்பவர் படித்து எடுத்துக்கொள்வார். எழுத்தாளர், சிகரெட், தட்டச்சு மெஷின் என்ற படம் நமக்குச் சினிமாவிலிருந்தும் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்தும் வந்தது. சி.சு. செல்லப்பா, பி.எஸ். ராமையா போன்றவர்களைத் தந்த வத்தலக்குண்டு இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் இலக்கியம் மையில் எழுதப்பட்டு ஈய எழுத்தில் கோக்கப்பட்டது. நடுவில் தட்டச்சுக்கு வேலை இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2013-இல் ரஷ்யாவின் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பிரிவு மின் தட்டச்சுகள் வாங்க ஒப்பந்தம் கோரியது செய்தியானது. அடுத்த ஆண்டு ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உளவு விசாரணைக் குழுத் தலைவர் தட்டச்சு இயந்திரத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசினார். நமக்கு அவ்வளவு ரகசியம் கிடையாது, விட்டுவிடலாம். மின்சாரம் வேண்டாம் என்பது மூன்றாவது. கொடைக்கானல்காரர்கள் இதை லேசாக ஒதுக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மலைமேல் ஏறி வந்தபோது மரங்கள் சாய்ந்து சாலையும் மின்சாரமும் துண்டித்துப்போயின. ஆனால் அந்த நாட்களில் யாருக்கும் முதலில் தேவைப்பட்டது கடிதம் தட்டுவதாக இருந்திருக்காது.

நான்காவதுதான் எனக்கு வலுவானதாகத் தெரிகிறது: மூடியைத் திறந்தால் புரிகிறது. விசையை அழுத்தினால் நெம்புகோல் இழுக்கிறது, எழுத்துக் கம்பி எகிறி ரிப்பனை அடிக்கிறது, தாளைத் தாங்கும் கேரேஜ் ஒரு பல் நகர்கிறது, வரி முடியும்போது மணி அடிக்கிறது. எங்கே சிக்கியது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு திருப்புளியும் பிரஷும் இருந்தால் பாதிக் கோளாறுகளைச் சரிசெய்துவிடலாம். கைவசமுள்ள மற்ற எந்தச் சாதனத்தைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாத காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

நம் ஊரில் தட்டச்சுக்கு இருந்த இடமோ வேறு. இங்கே அது எழுத்தாளனின் கருவியாக இருந்ததைவிட வேலைக்குப் போகும் படிக்கட்டாக இருந்தது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பையனும் பெண்ணும் காலையில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவது இரண்டு மூன்று தலைமுறையின் வழக்கம். பழனி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று பேருந்து நிலையம் உள்ள எந்த ஊரிலும் மாடிப்படி ஏறினால் இருபது மெஷின் ஒரே நேரத்தில் அதிரும் கூடம் ஒன்று இருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாஸ் செய்தவருக்கு அரசுத் தட்டச்சர் பணிக்கான தகுதி கைக்கு வரும். தேர்வு நாளில் இன்ஸ்டிட்யூட்காரர்கள் வண்டி பிடித்து மெஷின்களைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். தூக்கிச் செல்லும் தட்டச்சு என்றால் தமிழ்நாட்டில் இதுதான்: ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும் 15 கிலோ.

அதனால்தான் இந்தியத் தொழிற்சாலைகளின் பெருமையும் கனமான ரகத்தைச் சுற்றியே இருந்தது. 1955-இல் சென்னைக்கு அருகே ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கோத்ரெஜ் தன் முதல் இந்தியத் தட்டச்சைக் காட்சிக்கு வைத்தது. சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் ஹால்டா தயாரித்தது. இன்ஸ்டிட்யூட்களில் ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா, ஃபேசிட் என்று பெயர் சொல்லித்தான் மெஷினுக்குச் சண்டை போடுவார்கள். கோத்ரெஜ் 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2011-இல் அந்தச் செய்தி உலகத்தின் கடைசித் தட்டச்சு ஆலை மூடப்பட்டது என்று பத்திரிகைகளில் ஓடியது. அது தவறு, அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் செய்வித்துத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தத் தவறான செய்திதான் பலரைப் பழைய மெஷின் தேட வைத்தது என்பது வேடிக்கை.

மலையில் மட்டும் கணக்கு சற்று மாறுகிறது. மிஷனரிகள், 1901-இல் தொடங்கிய ஹைக்ளர்க் பள்ளியின் ஆசிரியர்கள், செண்பகனூர் ஏசுசபையினர், தாண்டிக்குடி பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டத்துக்காரர்கள் என்று, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தொலைவுக்குக் கடிதம் எழுதி வாழ்ந்த கூட்டம் அது. சின்ன மெஷினுக்கு ஏற்ற வாழ்க்கை. மலைவீடுகள் கைமாறும்போது பரணிலிருந்து இறங்கும் தோல்பெட்டிகளில் இப்போதும் இவை கிடைக்கின்றன என்றால் காரணம் அதுதான். ஆனால் அவற்றின் விசைப்பலகை ஆங்கிலம். இங்கேதான் நான் சேகரிப்பாளர்களோடு முரண்படுகிறேன். ஆங்கில போர்ட்டபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் ஆள், பக்கத்துத் தெருவில் இன்ஸ்டிட்யூட் மூடும்போது தமிழ் மெஷின்கள் எடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உண்மையில் அரிய பொருள் அதுதான். நம்மைத் தவிர வேறு யாரும் அதைக் காப்பாற்றப் போவதில்லை.

தமிழ்த் தட்டச்சின் கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1886-இல் அங்கே பிறந்து, 1907-இல் மலாயா போய், சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்தை ஆங்கில மெஷினின் விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். எழுத்துக்கொரு விசை கொடுத்தால் மெஷின் அலமாரி அளவுக்குப் போகும். அவர் கண்டது, உயிர்மெய்யை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அடிக்கும் வழி. கொம்பு தனி, கால் தனி. புள்ளிக்கும் இகர ஈகார விசிறிக்கும் நகரா விசை: அழுத்தினால் குறி விழும், கேரேஜ் நகராது, அடுத்து வரும் மெய்யெழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவருக்காக மெஷின்களைச் செய்து கொடுத்தது. அவற்றில் பிஜோ என்ற சிறிய, தூக்கிச் செல்லும் ரகமும் உண்டு. ஆக, தமிழ் போர்ட்டபிள் என்பது கற்பனைப் பொருள் அல்ல. பெட்டியைத் திறந்து பார்க்காமல் அது ஆங்கிலமா தமிழா என்று சொல்ல முடியாது. அதனாலேயே எத்தனையோ கவனிக்கப்படாமல் போயிருக்கும்.

தமிழ் மெஷினில் தட்டிப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட அனுபவம் என்று தெரியும். இடக்கை விரல்கள் ய, ள, ன, க மேல்; வலக்கை ட, ம, த பக்கம். தமிழ் என்ற சொல்லை அடிக்க வேண்டும் என்றால் முதலில் த. பிறகு நகரா விசையில் விசிறி, அதன் கீழ் ம. பிறகு நகரா விசையில் புள்ளி, அதன் கீழ் ழ. உச்சரிப்பில் மெய் முன்னால், உயிர் பின்னால். மெஷினில் நேர் தலைகீழ். கொம்பும் அப்படியே: பெயர் என்று அடிப்பவர் முதலில் கொம்பை வைத்து ப-வைப் பின்னால் வைக்கிறார். கை அடுத்த எழுத்தை ஒரு விநாடி முன்னரே அறிந்திருக்க வேண்டும். தமிழ் ஹையர் பாஸ் செய்தவர்களின் கை வேகத்தில் இருக்கும் ஒருவகை முன்யோசனை இதிலிருந்து வந்தது. 1999-இல் தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை ஒலி வரிசைக்கு மாறியது. ஆனால் அதற்கு முன்பே பழகிய டிடிபி ஆட்கள் பலர் இன்னும் பழைய தட்டச்சு வரிசையிலேயே பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் போனாலும் அதன் விரல் வரிசை அச்சகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட்டபிளில் தமிழ் அடிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதைச் சேகரிப்புப் புத்தகங்கள் எதுவும் சொல்லாது. கு, து, மு, ரு போன்ற உகர எழுத்துகள் மேல் வரிசையில், அதாவது ஷிஃப்ட் பிடித்து அடிக்கும் இடத்தில் இருக்கின்றன. குருவி என்று எழுத இரண்டு ஷிஃப்ட். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு பெரிய எழுத்து வந்தால் அதிகம். தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் சுண்டுவிரலுக்கு வேலை. பெரிய மெஷின்களில் ஷிஃப்டை அழுத்தினால் எழுத்துக் கம்பிகளின் கூடை இறங்கும், லேசாக இருக்கும். சிறிய மெஷின்கள் பலவற்றில், ஹெர்மெஸ் பேபி போல, முழு கேரேஜும் மேலே எழும்ப வேண்டும். ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் சுண்டுவிரல் கடுக்கும். ஆகவே தமிழில் நிறைய எழுத நினைப்பவருக்குப் போர்ட்டபிளைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்ஸ்டிட்யூட் மெஷினே வசதி. கடிதம், முகவரி, சிறு குறிப்பு என்றால் சின்னது போதும்.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் மெஷின் பெருமளவில் தேவைப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்த மெஷின்களின் விசைகள் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்று இல்லை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று லை, னை, றா, னா போன்றவற்றின் பழைய உருவங்களை மாற்றியது. பழைய மெஷினைப் பார்க்கிறவர் முதலில் இவற்றை அடித்துப் பார்க்க வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ எங்கே இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வயதைச் சொல்லும் தடயங்கள் அங்கேதான் கிடைக்கும்.

இனி மலையின் ஈரம். கொடைக்கானலில் மெஷின் வைத்திருப்பதும் மதுரையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. கோக்கர்ஸ் வாக் பக்கம் சாயங்காலம் ஏறும் மேகம் ஜன்னல் வழியே நேராக அறைக்குள் வரும். மரப்பெட்டியில் ஒட்டிய தோல்துணி பூசணம் பிடிக்கும், எழுத்துக் கம்பிகள் துரு ஏறிச் சிவக்கும். பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான் இங்கே மிக மோசமான பராமரிப்பு. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துணி மூடி போட்டு மேசைமேல் வைத்து, வாரம் ஒருமுறை நாலு வரி அடித்தாலே போதும். எழுத்துக் கம்பிகள் நுழையும் வளைந்த பள்ளங்களில் எண்ணெய் போடக் கூடாது, தூசி ஒட்டி இறுகிவிடும். அங்கே பெட்ரோலைத் தொட்ட பிரஷ் மட்டும். கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் போடுபவர்கள் உண்டு. சமவெளியில் எப்படியோ தப்பிக்கலாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும் பொருளைக் கொடைக்கானல் மார்கழியில் மெஷினுக்குள் விட்டால் விசைகள் பிசுபிசுத்து நிற்கும். ரப்பர் உருளை காலப்போக்கில் கல்லாகிப்போவதுதான் பெரிய தலைவலி. அது இறுகினால் எழுத்து காகிதத்தைக் குத்தித் துளைக்கும். பின்னால் இன்னொரு தாள் வைத்து அடித்தால் சமாளிக்கலாம். ரிப்பன் பிரச்சினை இல்லை. அரை அங்குல ரிப்பன்தான் பெரும்பாலான மெஷின்களுக்கும், பழைய சுருளில் புதியதைச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வைத்துப் பார்ப்பதா, பயன்படுத்துவதா என்ற விவாதத்துக்கு இதே மலையில் இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. செண்பகனூரில் ஏசுசபைக் கல்லூரியின் அருங்காட்சியகம் பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி வழியே நீண்ட காலமாகச் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். அந்தக் கருவி காட்சிப் பொருளாக நின்றிருந்தால் நமக்கு ஒரு பித்தளைக் குழாய்தான் மிஞ்சியிருக்கும். வேலை செய்ததால் நூறாண்டுப் படங்களின் தொகுதி ஒன்று கிடைத்தது. தட்டச்சு விஷயத்தில் நான் ஆய்வுக்கூடத்தின் பக்கம். ஆனால் முத்தையா காலத்து பிஜோ யாருக்காவது கிடைத்தால், அதைத் தினமும் அடித்துத் தேய்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குச் செண்பகனூர் வழிதான்.

மெக்கானிக் யார் என்பது கடைசிக் கேள்வி, அதுவே இந்தப் பொழுதுபோக்கின் ஆயுளை முடிவு செய்யும். பாகங்கள் கிடைக்கும், எடைக்குப் போகும் மெஷின்களே பாகக் கிடங்கு. தேர்வு நடக்கும் வரை இன்ஸ்டிட்யூட்களுக்கு மெக்கானிக் வேண்டும், அதனால் தமிழ்நாட்டில் அந்தத் தொழில் மற்ற மாநிலங்கள் பலவற்றைவிடக் கூடுதல் காலம் நிற்கிறது. போர்ட்டபிள் சேகரிப்பவர்கள் அவர்களிடம் மெஷினைக் கொடுத்துக் கூலி பேரம் பேசுவதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. லெட்டராவுக்குக் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கைத்தான் மெக்கானிக் கேட்கிறார், அதையும் குறைக்கச் சொல்கிறோம்.

தமிழ் மெஷின் கையில் கிடைத்தவர், சிறியதோ பெரியதோ, செய்யக்கூடிய உபயோகமான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் எல்லா விசைகளையும் வரிசையாக, ஷிஃப்ட் இல்லாமல் ஒருமுறை, ஷிஃப்டோடு ஒருமுறை அடியுங்கள். நகரா விசைகள் எவை என்று பக்கத்தில் குறியுங்கள். மெஷினின் பெயர், வரிசை எண், எந்த ஊரில் யார் தொழிலுக்குப் பயன்பட்டது என்பதை அதே தாளில் அடித்து, பலகையின் புகைப்படத்தோடு சேர்த்து வையுங்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருட்களைத் தொகுத்து வருகிறது. அந்த ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர், தட்டச்சு முத்தையாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட தாள்கள் ஐம்பது சேர்ந்தால், தமிழ் விசைப்பலகை எந்த வழியாக மாறி இன்றைய உருவத்துக்கு வந்தது என்று ஆய்வு மாணவர் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட முடியும்.